இரண்டு சராசரிகள் வேறாக வந்தால் அது நிஜமான வித்தியாசமா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லியோன் ஃபெஸ்டிங்கர், ஜேம்ஸ் கார்ல்ஸ்மித் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தி 1959இல் வெளியிட்டார்கள். உளவியல் படித்தவர்கள் எங்காவது அதைச் சந்தித்திருப்பார்கள். மாணவர்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு வேண்டுமென்றே அலுப்பான வேலை கொடுத்தார்கள். முதல் அரை மணி நேரம் ஒரு தட்டில் 12 நூல் உருளைகளை அடுக்க வேண்டும், எடுக்க வேண்டும், திரும்ப அடுக்க வேண்டும். அதுவும் ஒரே கையால். அடுத்த அரை மணி நேரம் ஒரு பலகையில் செருகியிருக்கும் 48 சதுரக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருப்ப வேண்டும். 48ம் முடிந்துவிட்டதா? மறுபடி முதல் கட்டைக்குப் போக வேண்டும்.

வேலை முடிந்ததும்தான் உண்மையான சோதனை ஆரம்பம். "வெளியே அடுத்த ஆள் காத்திருக்கிறாள். அவளிடம் போய் இது ரொம்ப சுவாரஸ்யமாக இருந்தது என்று சொல்வீர்களா? காசு தருகிறோம்" என்று கேட்டார்கள். ஒரு குழுவுக்கு ஒரு டாலர். இன்னொரு குழுவுக்கு இருபது டாலர், அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. மூன்றாவது குழுவிடம் பொய் சொல்லக் கேட்கவே இல்லை. கடைசியில் எல்லோரிடமும் வேறொருவர் வந்து, அந்த வேலை எவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தது என்று −5 முதல் +5 வரை மதிப்பெண் போடச் சொன்னார்.

ஒவ்வொரு குழுவிலும் 20 பேர். பொய் சொல்லாதவர்களின் சராசரி −0.45. இருபது டாலர் வாங்கியவர்களுடையது −0.05. ஒரு டாலர் வாங்கியவர்களுடையது +1.35.

அதிகக் காசு வாங்கியவன்தான் அதிகம் மகிழ்ந்திருப்பான் என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு. இருபது டாலர் வாங்கியவனுக்குத் தான் ஏன் பொய் சொன்னோம் என்பதற்குக் கையில் காரணம் இருக்கிறது. ஒரு டாலருக்குச் சொன்னவனுக்கு அது இல்லை. அதனால் "வேலை ஒன்றும் அவ்வளவு மோசமில்லை" என்று தன் மனதையே மாற்றிக்கொள்கிறான் என்பது ஃபெஸ்டிங்கரின் விளக்கம். அந்தக் கோட்பாடு சரியா தவறா என்பது வேறு கதை. நமக்கு இங்கே வேண்டியது 1.35க்கும் −0.05க்கும் இடையே இருக்கிற 1.40 என்ற எண். அது காசு உண்டாக்கிய வித்தியாசமா, இல்லை தற்செயலாக வந்ததா?

எந்த நாற்பது பேரை எடுத்தாலும், எல்லோருக்கும் ஒரே தொகையைக் கொடுத்திருந்தாலும், இரண்டாகப் பிரித்துச் சராசரி எடுத்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக வராது. எதையும் ரசிக்கிற ஆட்கள் நாலு பேர் ஒரு பக்கம் போய்விட்டால் அந்தப் பக்கச் சராசரி ஏறிவிடும். ஆகவே "சராசரிகள் வேறாக இருக்கின்றனவா?" என்று கேட்பதில் பொருளில்லை, எப்போதும் வேறாகத்தான் இருக்கும். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் எவ்வளவு, நமக்கு வந்திருப்பது அதைவிடப் பெரிதா என்பதைத்தான் கேட்க வேண்டும். புள்ளியியல் புத்தகங்கள் இதைப் பல பக்கங்களில் சொன்னாலும் சாரம் இவ்வளவுதான்.

தற்செயலின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? சூத்திரம் எதுவும் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. நாற்பது பேரின் மதிப்பெண்களையும் நாற்பது சீட்டுகளில் எழுதுங்கள். யார் எந்தக் குழு என்பதை மறந்துவிடுங்கள். சீட்டுகளை நன்றாகக் குலுக்கி, இருபதை இந்தப் பக்கமும் இருபதை அந்தப் பக்கமும் வையுங்கள். இரண்டு பக்கச் சராசரிகளையும் எடுத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி குலுக்குங்கள், மறுபடி குறியுங்கள். இப்படிச் சில ஆயிரம் தடவை செய்தால் (கணினிக்கு இது ஒரு வினாடி வேலை) வித்தியாசங்களின் ஒரு பட்டியல் கிடைக்கும். இந்தப் பட்டியலில் காசுக்கு எந்தப் பங்கும் கிடையாது. சீட்டுகள் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கப்பட்டவை. எனவே அது தற்செயல் மட்டுமே வேலை செய்யும் ஒரு உலகத்தின் படம். அதில் 1.40 அளவோ அதைவிடப் பெரிதோ எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் நம் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

நாற்பதை இருபது இருபதாகப் பிரிக்க மொத்தம் 13,784 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. அத்தனையையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. சில ஆயிரம் குலுக்கலே போதுமான துல்லியம் தரும்.

குலுக்கிப் பார்ப்பது ஏன் நியாயமான சோதனை என்றால், யாருக்கு ஒரு டாலர், யாருக்கு இருபது என்பதையும் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்திருக்க வேண்டும். ஆய்வாளர் தனக்குப் பிடித்த மாணவர்களை ஒரு குழுவில் போட்டிருந்தாலோ, காலையில் வந்தவர்களுக்கு ஒரு டாலர், மாலையில் வந்தவர்களுக்கு இருபது என்று வைத்திருந்தாலோ, எந்தக் கணக்குப் போட்டும் பயனில்லை. குழுக்கள் ஆரம்பத்திலேயே வேறாக இருந்திருக்கலாம். கணக்கு அந்த வேறுபாட்டையும் காசின் வேலை என்றே காட்டும்.

இந்தக் குலுக்கலுக்குக் குறுக்குவழிதான் டி-டெஸ்ட். அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: சராசரிகளுக்கு இடையே எவ்வளவு தூரம், ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஆட்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள்.

சிதறலைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே கொதியில் வெந்த அரிசி என்பதால் அது செல்லுபடியாகிறது. ஒரு பருக்கைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு, எனவே ஒன்றே போதும். மனிதர்கள் அப்படி இல்லை. ஒரே வேலைக்கு ஒருவர் +4 போடுவார், பக்கத்தில் இருப்பவர் −3 போடுவார். பருக்கைகள் இப்படி ஆளுக்கொரு விதமாக வெந்தால் கைப்பிடிச் சோற்றை எடுத்துப் பார்த்தாலும் பானையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தச் சிதறலை அளப்பதுதான் திட்ட விலக்கம். ஆட்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை அது சொல்கிறது.

ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் இந்த இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டு டி மதிப்பு 2.22 என்று சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து பின்னோக்கிப் போனால், இரு குழுக்களையும் சேர்த்துப் பார்க்கையில் திட்ட விலக்கம் சுமார் 2 என்று வருகிறது. அதை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். 2ஐ வர்க்கம் செய்தால் 4. அதை ஆட்களின் எண்ணிக்கையான 20ஆல் வகுத்தால் 0.2. இது ஒரு குழுவுக்கு. இன்னொரு குழுவுக்கும் 0.2. கூட்டினால் 0.4. வர்க்கமூலம் சுமார் 0.63. இதற்குத் திட்டப் பிழை என்று பெயர். இங்கே பிழை என்றால் யாரோ செய்த தவறு இல்லை. தற்செயலாகவே இரண்டு சராசரிகளும் ஒன்றிலிருந்து ஒன்று இவ்வளவு தூரம் ஆடலாம் என்பதற்கான மதிப்பீடு. இப்போது 1.40ஐ 0.63ஆல் வகுத்தால் 2.22.

ஆக, டி என்பது ஒரு விகிதம். மேலே நாம் கண்ட வித்தியாசம், கீழே சும்மாவே வரக்கூடிய ஆட்டம். இங்கே வித்தியாசம் ஆட்டத்தைப் போல இரண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

எண்களை மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வித்தியாசம் அதே 1.40, ஆனால் சிதறல் 2க்குப் பதில் 4 என்று வைத்துக்கொள்வோம். திட்டப் பிழை 1.26 ஆகிவிடும், டி பாதியாகி 1.11க்கு இறங்கிவிடும். யாரும் அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டார்கள். சிதறல் 2ஆகவே இருந்து, குழுவுக்கு 80 பேர் இருந்திருந்தால் டி 4.43க்கு ஏறிவிடும். ஆட்களை நான்கு மடங்காக்கினால்தான் ஆட்டம் பாதியாகிறது என்பதைக் கவனியுங்கள். உளவியல் ஆய்வில் துல்லியம் இவ்வளவு விலை உயர்ந்த சரக்காக இருப்பதற்கு இந்த வர்க்கமூலம்தான் காரணம். அதனால்தான் அனுபவமுள்ள ஆய்வாளர்கள் ஆட்களைக் கூட்டுவதோடு சிதறலைக் குறைக்கவும் பார்க்கிறார்கள்: ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டுச் சராசரி எடுப்பது, எல்லோருக்கும் ஒரே மாதிரி அறை, ஒரே மாதிரி அறிவுறுத்தல் என்று.

சரி, 2.22 பெரிதா சின்னதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் உளவியலாளர் இல்லை, டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காஸெட். 1899இல் அங்கே சேர்ந்தவர். பார்லி, ஹாப்ஸ் என்று ஆலைக்கு வந்த சரக்கைச் சோதிக்க அவருக்குக் கிடைத்தவை மிகச் சிறிய மாதிரிகள். அன்றைய சூத்திரங்களோ நூற்றுக்கணக்கில் அளவுகள் இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். நாலைந்து அளவுகளை வைத்துத் திட்ட விலக்கம் போட்டால் அந்தத் திட்ட விலக்கமே நம்பமுடியாததாக இருக்கும். வகுக்கிற எண்ணே ஆடினால் விடை இன்னும் அதிகமாக ஆடும். இந்தக் கூடுதல் ஆட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு 1908இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிடுவதை ஆலை அனுமதிக்காததால் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் வந்தது. இன்றும் மென்பொருளில் ஸ்டூடன்ட் டி என்று வருவது அந்தப் பெயர்தான். மாணவர்களுக்கான சோதனை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தன் கணக்குச் சரியா என்று பார்க்க அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் வேறொருவர் அளந்து வைத்திருந்த பட்டியல் கிடைத்தது. அவற்றை 3,000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 சிறு மாதிரிகள் செய்தார். கணினி இல்லாத காலத்தில் கையாலேயே செய்த குலுக்கல். அவர் சூத்திரம் சொன்னதும் அட்டைகள் சொன்னதும் ஒத்துப்போயின.

காஸெட் வேலையிலிருந்து கிளைத்து, பிறகு புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் செப்பனிட்ட அட்டவணைப்படி, தற்செயல் மட்டுமே வேலை செய்தால் நூற்றில் 95 தடவை டி எந்த எல்லைக்குள் இருக்கும் என்பது ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டு குழுக்களிலும் சேர்த்து 40 பேர் என்றால் அதிலிருந்து 2 கழித்து 38 என்ற வரிசையைப் பார்க்க வேண்டும். (இரண்டு சராசரிகளைத் தரவிலிருந்தே எடுத்துவிட்டதால் 2 கழிகிறது.) அங்கே எல்லை 2.02. மூன்று மூன்று பேராக ஆறே பேர் இருந்தால் எல்லை 2.78 வரை தள்ளிப்போகும். ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தால் 1.96இல் நின்றுவிடும். நம் 2.22 எல்லையைத் தாண்டிவிட்டது, ஆனால் மயிரிழையில்தான் தாண்டியிருக்கிறது.

இதை இன்னொரு விதமாகச் சொல்வதுதான் பி மதிப்பு. இந்தச் சோதனையில் பி சுமார் 0.03. காசுக்கும் மதிப்பெண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று வைத்துக்கொண்டால் (புத்தகம் இதை இன்மைக் கருதுகோள் என்கிறது), இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ, எந்தப் பக்கமாக இருந்தாலும், நூறு குலுக்கலில் சுமார் மூன்றில் வரும். அவ்வளவுதான். இதைப் படிக்கும்போது வாய் தவறி "வித்தியாசம் நிஜம் என்பதற்கு 97 சதவீத வாய்ப்பு" என்று சொல்லிவிடுவார்கள். பேராசிரியர்களே சொல்வார்கள். அது வேறு கேள்விக்கான பதில். தற்செயல் மட்டுமே இருக்கும் உலகத்தில் இப்படித் தரவு வருமா என்று பி சொல்கிறது. நாம் எந்த உலகத்தில் இருக்கிறோம் என்பதை அது சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அதற்கு அந்தக் கருதுகோள் முன்கூட்டியே எவ்வளவு நம்பத்தக்கதாக இருந்தது என்பதும் தெரிய வேண்டும்.

பி 0.05க்குக் கீழே வர வேண்டும் என்ற எல்லைக்கோட்டுக்கும் இயற்கையில் ஆதாரம் கிடையாது. ஃபிஷர் 1925இல் எழுதிய நூலில் இருபதில் ஒன்று என்பதை வசதியான எல்லை என்று எடுத்துக்கொண்டார். அது நூறாண்டாக ஒட்டிக்கொண்டுவிட்டது. 0.049 வந்தால் இனிப்பு, 0.051 வந்தால் துக்கம் என்ற நிலை கேலிக்கூத்து.

எல்லையைத் தாண்டாவிட்டால் என்ன சொல்வது? இருபது டாலர் குழுவையும் பொய் சொல்லாத குழுவையும் பாருங்கள். −0.05, −0.45. வித்தியாசம் 0.40, அதன் டி எல்லைக்குள் அடங்கிவிட்டது. இதை வைத்து "இரண்டு குழுக்களும் ஒன்றுதான்" என்று எழுதக் கூடாது. இருபது இருபது பேரை வைத்துக்கொண்டு 0.40 போன்ற சிறு வித்தியாசத்தைப் பிடிக்கவே முடியாது. நிஜமாகவே வித்தியாசம் இருந்தாலும் வலையில் சிக்காது. நடுத்தர அளவு வித்தியாசத்தை, அதாவது திட்ட விலக்கத்தில் பாதி அளவுள்ளதை, ஐந்தில் நான்கு தடவையாவது பிடிக்க வேண்டுமென்றால் குழுவுக்குச் சுமார் 64 பேர் வேண்டும். இருபது பேரை வைத்துத் தேடினால் மூன்றில் ஒரு தடவைதான் அகப்படும். நம் ஊர் ஆய்வேடுகளில் முப்பது பேரை வைத்துக்கொண்டு "வேறுபாடு இல்லை என்று நிரூபிக்கப்பட்டது" என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 64 நினைவுக்கு வரும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு டாலர் குழுவைப் பொய் சொல்லாத குழுவோடு ஒப்பிட்டால் டி 2.48, எல்லையைத் தாண்டிவிட்டது. இருபது டாலர் குழுவை அதே குழுவோடு ஒப்பிட்டால் தாண்டவில்லை. "ஒன்று தாண்டியது, ஒன்று தாண்டவில்லை, ஆகவே ஒரு டாலரும் இருபது டாலரும் வேறு" என்று முடிவுகட்டத் தோன்றும். அப்படி முடிவுகட்டக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டுகூட நிற்கலாம். இரண்டும் வேறா என்று தெரிய, இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும். ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் அதைச் செய்தார்கள். அந்த 2.22 அப்படி வந்ததுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு குழுக்களில் வேறு வேறு ஆட்கள் இருந்தால். அதே ஆட்களையே இரண்டு தடவை அளந்தால் கணக்கு மாறும். மாறுவது கொஞ்சநஞ்சமில்லை. காஸெட் தன் 1908 கட்டுரையிலேயே உதாரணமாக எடுத்தது ஒரு தூக்க மருந்துச் சோதனை. பத்து நோயாளிகள், இரண்டு மருந்துகள். ஒவ்வொருவரும் இரண்டு மருந்தையும் வெவ்வேறு நாளில் சாப்பிட்டார்கள். மருந்தில்லாத இரவைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று பதிவானது. முதல் மருந்தின் சராசரி 0.75 மணி நேரம், இரண்டாவதன் சராசரி 2.33. வித்தியாசம் 1.58.

இந்த இருபது எண்களையும் இருபது தனித்தனி ஆட்களுடையவை என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் டி 1.86தான் வருகிறது, பி 0.08. எல்லைக்குக் கீழே. ஏன்? ஆட்கள் அவ்வளவு சிதறிக் கிடக்கிறார்கள். முதல் மருந்தில் ஒருவருக்கு 1.6 மணி நேரத் தூக்கம் குறைந்தே போனது, இன்னொருவருக்கு 3.7 மணி நேரம் கூடியது. இந்தக் கூச்சலில் மருந்தின் குரல் அமுங்கிவிடுகிறது.

ஆனால் ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டால்? இரண்டாவது மருந்தில் தூங்கியதிலிருந்து முதல் மருந்தில் தூங்கியதைக் கழித்தால் பத்துப் பேருக்கும் வரும் எண்கள்: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. ஒரே ஒருவருக்கு மட்டும் வித்தியாசமில்லை, மற்ற ஒன்பது பேருக்கும் இரண்டாவது மருந்தே மேல். இதில் சிதறல் 1.23தான், டி 4.06க்கு ஏறிவிடுகிறது, பி 0.003. அதே பத்து நோயாளிகள், அதே இருபது எண்கள். யாருடைய எண் யாருடையதோடு ஜோடி என்ற தகவலைத் தூக்கிப் போட்டால் கண்டுபிடிப்பே காணாமல் போகிறது.

இந்த உதாரணத்தில் குலுக்கலை மனக்கணக்காகவே செய்துவிடலாம். இரண்டு மருந்தும் ஒன்றுதான் என்றால், ஒவ்வொருவருக்கும் எந்த மருந்து மேலாக வந்தது என்பது காசு சுண்டுவது போலத்தான், கூட்டலாகவும் வரலாம், கழித்தலாகவும் வரலாம். பூஜ்யத்தை விட்டுவிட்டால் ஒன்பது பேர். ஒன்பது காசுகள் சுண்டினால் 512 விதங்களில் விழும். ஒன்பதும் ஒரே பக்கம் விழுவது இரண்டு விதங்களில்தான்: எல்லாம் கூட்டல், அல்லது எல்லாம் கழித்தல். 512இல் 2 என்றால் 0.004. டி-டெஸ்ட் தந்த 0.003க்கு எவ்வளவு பக்கம், பாருங்கள். அட்டவணையும் வேண்டாம், சூத்திரமும் வேண்டாம்.

ஆகவே மென்பொருளைத் திறப்பதற்கு முன் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆட்கள் ஒன்றா வேறா என்பதை. எக்செலில் டி.டெஸ்ட் என்ற சூத்திரத்தின் கடைசி எண் இதற்குத்தான். 1 போட்டால் ஜோடி, 2 போட்டால் சிதறல் சமமாக உள்ள தனித்தனிக் குழுக்கள், 3 போட்டால் சிதறல் சமமில்லாத தனித்தனிக் குழுக்கள். தனித்தனிக் குழுக்கள் என்றால் யோசிக்காமல் 3ஐப் போடுங்கள். பெர்னார்ட் வெல்ச் என்பவர் 1947இல் விரிவாகத் தந்த முறை அது. ஒரு குழு அதிகமாகச் சிதறி, இன்னொன்று நெருக்கமாக இருந்தாலும் தாங்கும். சிதறல் சமமாகவே இருந்துவிட்டால் நஷ்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆர் மென்பொருளில் எதுவும் சொல்லாமல் விட்டால் வெல்ச் முறையில்தான் போகும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் இரண்டு வரிகளில் இரண்டு விடையையும் தரும். கீழ் வரி வெல்ச்சுடையது. எந்த வரியில் பி சிறியதாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்குப் பெயர் ஆய்வு இல்லை.

மதிப்பெண்கள் மணி வடிவத்தில் பரவியிருக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் எச்சரிக்கும். குழுவுக்கு இருபது முப்பது பேர் இருந்து, ஒன்றிரண்டு எண்கள் தனியாக எங்கோ போய் நிற்காத வரை இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. நிஜமாகவே கவலைப்பட வேண்டியது, ஒருவரின் பதில் இன்னொருவரின் பதிலைத் தொடாமல் இருக்கிறதா என்பது. முப்பது மாணவர்களை ஒரே வகுப்பறையில் உட்காரவைத்துப் பேசவிட்டு அளந்தால் அவர்கள் முப்பது தனி ஆட்கள் இல்லை. அந்த வகுப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே ஆள்தான். டி-டெஸ்ட் அதைக் கண்டுகொள்ளாமல் முப்பது என்றே கணக்கிட்டு, இல்லாத துல்லியத்தைக் காட்டிவிடும்.

இனி வித்தியாசத்தின் அளவு. டி-யோ பி-யோ அதைச் சொல்வதில்லை, ஏனென்றால் இரண்டிலும் ஆட்களின் எண்ணிக்கை கலந்திருக்கிறது. நுண்ணறிவுத் தேர்வில் திட்ட விலக்கம் 15. தலா பத்தாயிரம் பேர் கொண்ட இரண்டு குழுக்களுக்கு இடையே அரை மதிப்பெண் வித்தியாசம் இருந்தால் டி 2.36 வரும், எல்லையைத் தாண்டிவிடும். அரை மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. எனவே வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். உளவியலாளர் ஜேக்கப் கோஹன் பிரபலப்படுத்திய அளவு இது. அவர் சொன்னபடி 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது. நுண்ணறிவு உதாரணத்தில் அது 0.03, ஒன்றுமே இல்லை. டாலர் சோதனையில் 1.40ஐ 2ஆல் வகுத்தால் 0.7, நடுத்தரத்துக்கும் பெரியதுக்கும் இடையே.

அதைவிட எனக்கு உபயோகமாகப் படுவது நம்பக இடைவெளி, அதாவது நிஜ வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கக்கூடும் என்ற மதிப்பீடு. 1.40க்கு இரண்டு பக்கமும் 2.02 மடங்கு திட்டப் பிழையை விட்டால் 0.12 முதல் 2.68 வரை போகிறது. நிஜ வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், −5 முதல் +5 வரையான அளவுகோலில் கால்வாசியைத் தாண்டியதாகவும் இருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். பாடப்புத்தகங்களில் இந்தச் சோதனை கல்லில் செதுக்கியது போல வருகிறது. இந்த இடைவெளியைப் பார்த்தவர்கள் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டார்கள்.

இன்னொரு தகவலும் இருக்கிறது. ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் ஆரம்பித்தது 71 பேரோடு. 11 பேரை விலக்கிவிட்டுத்தான் 60 ஆயிற்று. சிலர் இது ஏதோ ஏற்பாடு என்று சந்தேகப்பட்டார்கள். சிலர் காசு வாங்க மாட்டேன் என்றார்கள். ஒருவர் வெளியே காத்திருந்த அந்தப் பெண்ணுக்கு அப்புறம் போன் செய்து விளக்க வேண்டும், நம்பர் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். விலக்கியதற்குக் காரணம் புரிகிறது, கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார்கள். ஆனாலும் குலுக்கலில் பிரித்த பிறகு ஆட்கள் உதிர்ந்தால், மிச்சமிருக்கும் குழுக்கள் குலுக்கலில் வந்த குழுக்கள் இல்லை. காசை மறுக்கிற குணமுள்ளவர்கள் எந்தக் குழுவிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்பது சராசரியைத் தள்ளிவிடலாம்.

இப்படி ஒவ்வொரு முடிவையும் தரவைப் பார்த்த பிறகு எடுத்தால் எங்கே போய் முடியும் என்று 2011இல் ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்ஸன் என்ற மூன்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு பீட்டில்ஸ் பாட்டைக் கேட்ட மாணவர்களின் வயதே குறைந்துவிட்டது என்று ஒழுங்கான புள்ளியியல் முறையில் நிறுவினார்கள். மனதளவில் இளமை என்று இல்லை, பிறந்த தேதிப்படியான வயது! தந்தையின் வயதைக் கணக்கில் சேர்த்தபின் ஒரு குழு 20.1, இன்னொன்று 21.5, பி 0.04. எப்படிச் செய்தோம் என்பதையும் அவர்களே சொன்னார்கள்: நிறையக் கேள்விகள் கேட்டு வைத்தது, கூடுதலாக ஒரு குழுவை நடத்திவிட்டுச் சொல்லாமல் விட்டது, கொஞ்சம் ஆட்கள் வந்ததும் பியைப் பார்ப்பது, போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஆட்களைச் சேர்ப்பது. இந்த மாதிரி நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், ஒன்றுமே இல்லாத இடத்தில் வித்தியாசம் இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 61 சதவீதத்துக்கு ஏறுகிறது என்று கணக்கிட்டார்கள். நான்கு வருடம் கழித்து, வெளியாகியிருந்த 100 உளவியல் ஆய்வுகளை வேறு குழுக்கள் மறுபடி செய்து பார்த்தன. முதலில் 97 சதவீதம் எல்லையைத் தாண்டியிருந்தன. மறுபடி செய்தபோது தாண்டியவை 36 சதவீதம்.

அதனால் இப்போது பல ஆய்விதழ்கள், எத்தனை பேர், எந்த மதிப்பெண், யாரை விலக்குவோம், எந்தச் சோதனை என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிப் பதிவு செய்யச் சொல்கின்றன. முதல் ஆய்வு செய்கிற மாணவருக்கும் இது கஷ்டமில்லை. ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டால் போதும். முடிவை எழுதும்போது பி மட்டும் போட்டால் மேலே பேசியது எதுவும் வாசகருக்குத் தெரியாது. டாலர் சோதனையை இன்று எழுதினால் இந்த மாதிரி எழுதலாம்: "ஒரு டாலர் பெற்றவர்கள் (20 பேர், சராசரி 1.35) இருபது டாலர் பெற்றவர்களைவிட (20 பேர், சராசரி −0.05) வேலையைச் சுவாரஸ்யமாக மதிப்பிட்டனர். வித்தியாசம் 1.40, 95% நம்பக இடைவெளி 0.12 முதல் 2.68 வரை, டி(38) = 2.22, பி = 0.03, கோஹன் அளவு 0.7. பங்கேற்ற 71 பேரில் 11 பேர் விலக்கப்பட்டனர், காரணங்கள் இணைப்பில்." ஒவ்வொரு குழுவின் திட்ட விலக்கத்தையும் சராசரிக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். அது இருந்திருந்தால் நாம் பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்க வேண்டியதில்லை.